சிஸ்டர் கம்பெனிக்கு மாத்திட்டாங்களா? உங்க சர்வீஸ், பி.எஃப்., கிராஜுவிட்டி என்ன ஆகும்? முழு விவரம்

காலையில் ஊருக்குள் வருவது அதே வேன். வேலை வாங்குவது அதே போர்மேன். சம்பளம் போடுவதும் அதே முதலாளிதான். ஆனால் சம்பளச் சீட்டில் மட்டும் கம்பெனி பெயர் மாறியிருக்கும். கேட்டால், "அதுவும் நம்ம கம்பெனிதாம்மா, சிஸ்டர் கன்சர்ன்" என்று பதில் வரும்.

விருதுநகர் மாவட்டத்தில் வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் வட்டாரப் பட்டாசு ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. அப்பா பெயரில் ஒரு ஆலை, மகன் பெயரில் இன்னொரு ஆலை, மருமகன் பெயரில் குடோன் என ஒரே குடும்பம் பல லைசென்ஸ்களை வைத்திருப்பது இங்கே சகஜம். ஆர்டர் எங்கே இருக்கிறதோ, ஆட்களும் அங்கே போவார்கள்.

வேலை தொடர்வதால் பலரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பல வருடம் உழைத்துச் சேர்த்த சர்வீஸ் இந்த இடத்தில்தான் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். எது உங்க கூடவே வரும்? எது பழைய கம்பெனியோட நின்னுடும்? மாறுவதற்கு முன்னாடி என்ன கேட்டு வாங்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலாளி ஒருத்தர்தானே, கம்பெனியும் ஒன்றுதானே?

இல்லை. இங்கேதான் முதல் குழப்பமே ஆரம்பிக்கிறது.

சட்டத்தின் பார்வையில் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி முதலாளி. தனி லைசென்ஸ், தனி பி.எஃப். கோடு, தனி ஈ.எஸ்.ஐ. கோடு இருந்தால் காகிதத்தில் அவை வேறு வேறு நிறுவனங்கள்தான். உரிமையாளர் ஒருவரே என்பதால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடாது.

அதே நேரத்தில், வெறும் பெயரை மாற்றிவிட்டு முதலாளி தப்பித்துக்கொள்ளவும் முடியாது. இரண்டு நிறுவனங்கள் உண்மையில் ஒன்றுதானா என்று பார்ப்பதற்கு அசோசியேட்டட் சிமென்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சில அளவுகோல்களைச் சொன்னது. உரிமை ஒருவரிடமே இருக்கிறதா, நிர்வாகமும் கட்டுப்பாடும் ஒன்றா, பணம் ஒரே இடத்தில் புழங்குகிறதா, ஒன்று இல்லாமல் மற்றொன்று இயங்க முடியுமா, ஆட்களை இங்கும் அங்கும் மாற்றி வேலை வாங்குகிறார்களா என்பவை அதில் முக்கியமானவை.

இந்த அளவுகோல்கள் பொருந்தினால், இரண்டையும் ஒரே நிறுவனமாக எடுத்துக்கொள்ளச் சொல்லி வாதாடலாம். ஆனால் அதற்கு வழக்கு, விசாரணை, ஆதாரம் எல்லாம் வேண்டும். மாறும் நாளிலேயே ஒரு கடிதம் வாங்கிவிட்டால் அந்த அலைச்சல் பெரும்பாலும் மிச்சம்.

தொழிலாளிக்குக் கிடைக்கும் பலன்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். ஒரு வகை உங்க பெயரில் இருப்பவை: ஈ.எஸ்.ஐ., பி.எஃப்., பென்ஷன். இன்னொரு வகை கம்பெனியோடு கட்டப்பட்டவை: கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம், போனஸ். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஈ.எஸ்.ஐ.: நம்பர் ஒன்றுதான், கம்பெனி மாறினாலும் மாறாது

ஈ.எஸ்.ஐ.யில் சேரும்போது கிடைக்கும் 10 இலக்க காப்பீட்டு எண் ஆயுளுக்கும் ஒன்றுதான். சிஸ்டர் கம்பெனிக்குப் போனாலும், சம்பந்தமே இல்லாத வேறு ஆலைக்குப் போனாலும் அதே எண்ணில்தான் தொடர வேண்டும்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தும். சம்பளத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம்.

உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால் கிடைக்கும் உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆறு மாத பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு காலம். இந்த 78 நாள் ஒரே ஆலையில் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய ஆலையில் 40 நாள், புதிய ஆலையில் 38 நாள் என்றாலும் கணக்கு சேரும். அப்படிச் சேர்ந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் வீதம் வருடத்துக்கு 91 நாள் வரை உதவித்தொகை கிடைக்கும்.

சிக்கல் எங்கே வருகிறது? புதிய கம்பெனி அலுவலகத்தில் பழைய எண்ணைக் கேட்காமல், அவசரத்தில் புது எண் போட்டுவிடுவார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு எண் வந்துவிட்டால் பங்களிப்பு நாட்களும் இரண்டாகப் பிரிந்துவிடும். ஆஸ்பத்திரியில் போய் நிற்கும்போது, "உங்களுக்கு நாள் பத்தலை" என்பார்கள். அதனால் புதிய இடத்தில் சேரும் முதல் நாளே பழைய ஈ.எஸ்.ஐ. கார்டின் நகலைக் கொடுத்துவிடுங்கள்.

வேலையில் ஏற்படும் விபத்துக்கு இந்த 78 நாள் நிபந்தனையே கிடையாது. சேர்ந்த முதல் நாள் விபத்து நடந்தாலும் பலன் உண்டு. காயத்தால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். உயிரிழந்தால் குடும்பத்துக்கு அதே அளவு மாதாமாதம் பகிர்ந்து வழங்கப்படும்.

பி.எஃப்.: பணம் தொலையாது, ஆனால் சிதறிக் கிடக்கும்

பி.எஃப்.பில் 2014 முதல் யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை கம்பெனி மாறினாலும் இந்த எண் ஒன்றுதான். ஒவ்வொரு கம்பெனிக்கும் அதற்குக் கீழே தனி உறுப்பினர் கணக்கு ஒன்று உருவாகும்.

அதாவது யு.ஏ.என். என்பது வீடு என்றால், உறுப்பினர் கணக்கு என்பது அந்த வீட்டில் ஒரு அறை. சிஸ்டர் கம்பெனிக்கு மாறும்போது புது அறை திறக்கப்படும். பழைய அறையில் இருக்கும் பணத்தைப் புது அறைக்குக் கொண்டுவருவதுதான் டிரான்ஸ்ஃபர்.

ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் யு.ஏ.என். எண்ணுடன் சரியாக இணைந்திருந்தால் இப்போது பெரும்பாலும் இந்த மாற்றம் சுலபமாக முடிந்துவிடுகிறது. 2025 ஜனவரியில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, பல நேரங்களில் பழைய முதலாளியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை.

தடங்கல் வருவது சின்னச் சின்ன விஷயங்களில்தான். ஆதாரில் ஒரு மாதிரி, பி.எஃப்.பில் ஒரு மாதிரி பெயர் இருக்கும். பிறந்த தேதி ஒத்துப்போகாது. பழைய கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருக்கும். இவற்றை வேலையில் இருக்கும்போதே சரிசெய்வது நல்லது. பல வருடம் கழித்து, ஆலையே மூடிய பிறகு தேடிப் போனால் அலைச்சல் அதிகம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். உங்களுக்கே தெரியாமல் உங்களை வேறு கம்பெனிக்கு மாற்றியிருந்தால், அதைக் கண்டுபிடிக்கும் வழியும் பி.எஃப். பாஸ்புக்தான். உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்தால் எந்த மாதம் எந்த நிறுவனம் பணம் கட்டியது என்று தெரியும். உறுப்பினர் கணக்கு இரண்டு இருந்தால், காகிதத்தில் நீங்கள் இரண்டு கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பதிவு செய்த செல்போனிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்புத் தொகை எஸ்.எம்.எஸ்.ஸில் வரும்.

20 பேர் இல்லை என்று சொன்னால்?

பி.எஃப். சட்டம் 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். ஒரே நிறுவனத்தை மூன்று பெயரில் பிரித்து, ஒவ்வொன்றிலும் 20 பேருக்குக் குறைவாகக் கணக்குக் காட்டினால்?

அதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளும் கிளைகளும், அவை எந்த இடத்தில் இருந்தாலும், ஒரே நிறுவனமாகவே கருதப்படும் என்கிறது பி.எஃப். சட்டத்தின் 2ஏ பிரிவு. தனித்தனி என்று காட்டப்படும் கம்பெனிகள் உண்மையில் ஒன்றுதான் என்று தெரிந்தால், பி.எஃப். அலுவலகம் விசாரித்து அவற்றை ஒன்றாகச் சேர்க்கலாம். மேலே சொன்ன சிமென்ட் வழக்கின் அளவுகோல்கள்தான் இங்கேயும் கைகொடுக்கும்.

பென்ஷன்: 10 வருடக் கணக்கில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்

முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் திட்டத்துக்குப் போகிறது. அதற்கு 15,000 ரூபாய் சம்பளம் வரைதான் கணக்கு. 58 வயதில் மாத பென்ஷன் கிடைக்க வேண்டும் என்றால் மொத்தம் 10 வருட சர்வீஸ் வேண்டும்.

இந்த 10 வருடம் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை. நான்கு ஆலையில் வேலை பார்த்திருந்தாலும் சர்வீஸை ஒன்றாகச் சேர்க்கலாம். ஆனால் இடையில் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால், அந்த சர்வீஸ் அதோடு முடிந்தது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒருவர் முதல் ஆலையில் 6 வருடம், சிஸ்டர் ஆலையில் 5 வருடம் வேலை பார்க்கிறார். கடைசி 60 மாத சராசரிச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் சேர்ந்திருந்தால் 11 வருடம். பென்ஷன் கணக்கு: 12,000 பெருக்கல் 11, வகுத்தல் 70. மாதம் சுமார் 1,885 ரூபாய், ஆயுள் முழுக்க.

அதே நபர் முதல் ஆலையை விட்டபோது பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்திருந்தால், மீதி இருப்பது 5 வருடம்தான். மாத பென்ஷன் கிடையாது.

வீட்டில் கல்யாணம், கடன், ஆஸ்பத்திரிச் செலவு என்று வரும்போது கைக்கு வரும் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் சிஸ்டர் கம்பெனியில் வேலை தொடரும்போது, வேலையே இல்லை என்று சொல்லி முழுப் பணத்தையும் எடுப்பது விதிப்படியும் சரியில்லை. அவசரத் தேவை என்றால் பி.எஃப். பங்கிலிருந்து முன்பணம் எடுக்க வழி இருக்கிறது. பென்ஷன் சர்வீஸைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

கிராஜுவிட்டி: எல்லாச் சிக்கலும் இங்கேதான்

இதுவரை பார்த்தவை உங்க எண்ணோடு வருபவை. கிராஜுவிட்டி அப்படி இல்லை. ஒரே முதலாளியிடம் நீண்ட காலம் உழைத்ததற்காக அந்த முதலாளி கொடுக்க வேண்டிய பணம் இது. எந்த அரசு அலுவலகத்திலும் உங்க பெயரில் இது மாதாமாதம் சேர்வதில்லை. பாஸ்புக்கும் கிடையாது.

1972-ம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்தின்படி 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடங்களில், 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களுக்கு இது உரிமை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த 5 வருட விதி அப்படியே தொடர்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு மட்டும், ஒரு வருடம் வேலை பார்த்தாலே விகிதாச்சாரப்படி கிராஜுவிட்டி உண்டு என்பது புதிது. மரணம், நிரந்தர ஊனம் என்றால் 5 வருட நிபந்தனை கிடையாது.

கணக்கு இதுதான்: கடைசி மாதச் சம்பளம் பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் சர்வீஸ் வருடம். ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அதை முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர்களுக்குக் கடைசி மூன்று மாதம் வாங்கிய கூலியின் சராசரியை வைத்து ஒரு நாள் கூலி கணக்கிடப்படும். "நீ பீஸ் ரேட் ஆளு, உனக்கு கிராஜுவிட்டி இல்லை" என்று யாராவது சொன்னால் அது தவறு.

இப்போது சிஸ்டர் கம்பெனி கணக்குக்கு வருவோம்.

ஒரு பெண் தொழிலாளி முதல் ஆலையில் 4 வருடம் 3 மாதம் வேலை பார்க்கிறார். பிறகு அதே குடும்பத்தின் இன்னொரு ஆலைக்கு மாற்றுகிறார்கள். அங்கே 3 வருடம் 8 மாதம். கடைசிச் சம்பளம் 12,000 ரூபாய்.

தனித்தனியாகப் பார்த்தால் எந்த ஆலையிலும் 5 வருடம் இல்லை. கிராஜுவிட்டி பூஜ்யம்.

சர்வீஸ் தொடர்ச்சி இருந்தால் மொத்தம் 7 வருடம் 11 மாதம். அதாவது 8 வருடம். கிராஜுவிட்டி சுமார் 55,384 ரூபாய்.

உழைப்பு ஒன்றுதான், முதலாளியும் ஒருத்தர்தான். ஒரு கடிதம் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் 55 ஆயிரம் ரூபாய் வித்தியாசம்.

5 வருடம் முடித்தவர்கள் செட்டில்மென்ட் வாங்கலாமா?

முதல் ஆலையில் 5 வருடத்தைத் தாண்டியவர்களிடம், "கணக்கை முடிச்சுக்கோ, அங்க புதுசா ஆரம்பிச்சுக்கலாம்" என்பார்கள். பணம் கைக்கு வருகிறதே என்று தோன்றும். ஆனால் கிராஜுவிட்டி கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுவதை மறக்கக் கூடாது.

உதாரணமாக, 9,000 ரூபாய் சம்பளத்தில் 6 வருடம் முடித்து கணக்கை முடித்தால் சுமார் 31,153 ரூபாய் கிடைக்கும். சிஸ்டர் கம்பெனியில் இன்னும் 6 வருடம் வேலை பார்த்து, 15,000 ரூபாய் சம்பளத்தில் விலகினால் அதற்கு 51,923 ரூபாய். இரண்டும் சேர்த்து 83,076 ரூபாய்.

கணக்கை முடிக்காமல் 12 வருடத்தையும் தொடர்ச்சியாகக் கொண்டுபோயிருந்தால், 15,000 ரூபாய் சம்பளத்துக்கு 1,03,846 ரூபாய். வித்தியாசம் 20 ஆயிரத்துக்கும் மேல்.

பணம் உடனே தேவை என்றால் கணக்கை முடிப்பது உங்க முடிவு. ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

தீபாவளி முடிஞ்சு ஆலை மூடினா சர்வீஸ் கட் ஆகுமா?

பட்டாசுத் தொழிலில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். மழைக்காலத்திலும் வேலை குறையும். 2018 அக்டோபரில் பசுமைப் பட்டாசு தொடர்பான உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததும் இந்த வட்டாரத்துக்கு நினைவிருக்கும்.

தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்றுபோனால், அதை சர்வீஸ் முறிவாக எடுத்துக்கொள்ள முடியாது. நோய், விபத்து, விடுப்பு, லே ஆஃப், கதவடைப்பு எல்லாம் இதில் அடங்கும். இதற்கெல்லாம் மேல், ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது ஒரு வருட தொடர் சர்வீஸாகக் கருதப்படும்.

ஐந்தாவது வருடத்திலும் இதே 240 நாள் கணக்கு பொருந்தும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதாவது 4 வருடம் முடிந்து, ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலும் கிராஜுவிட்டி கேட்கலாம். 4 வருடம் 9 மாதம் ஆனபோது வேறு கம்பெனிக்கு மாற்றப்பட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சம்மதம் கேட்காமல் மாத்த முடியுமா?

ஒரே கம்பெனியின் ஒரு யூனிட்டிலிருந்து இன்னொரு யூனிட்டுக்கு மாற்றுவது வேறு. ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாற்றுவது வேறு.

ஊழியரின் சம்மதம் இல்லாமல் அவரை வேறொரு முதலாளியிடம் மாற்ற முடியாது என்று ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே சிஸ்டர் கம்பெனிக்குப் போகச் சொல்லும்போது, "என் பழைய சர்வீஸ் சேருமா?" என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு இருக்கிறது. அவர் கையெழுத்து தேவைப்படுவதே அதனால்தான்.

ஆலையே கைமாறினால் கதை வேறு. ஆலையை ஒருவர் இன்னொருவருக்கு விற்கும்போது மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. சர்வீஸ் தடைபடக் கூடாது. சம்பளமும் சலுகையும் குறையக் கூடாது. பின்னாளில் ஆள்குறைப்பு வந்தால் பழைய சர்வீஸையும் சேர்த்து நஷ்டஈடு தரப் புதிய முதலாளி பொறுப்பேற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும், பழைய முதலாளி ஆள்குறைப்பு செய்ததைப் போல நோட்டீஸும் நஷ்டஈடும் கொடுக்க வேண்டும். தொழிற்தகராறு சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

கப்பல் பயணிக்குக் கிடைக்கும் சலுகை, தொழிலாளிக்கு?

சிஸ்டர் கம்பெனிகளுக்கு இடையே சலுகை தானாகச் சேராது என்பது பட்டாசுத் தொழிலுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை. சொகுசுக் கப்பல் சுற்றுலாவிலும் இதே கதைதான். ராயல் கரீபியன் குழுமத்தில் ராயல் கரீபியன், செலிப்ரிட்டி, சில்வர்சீ என மூன்று கப்பல் நிறுவனங்கள் இருக்கின்றன. அடிக்கடி பயணம் செய்பவர்களுக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனி உறுப்பினர் திட்டம். ஒன்றில் உயர்நிலை உறுப்பினராக இருப்பவருக்கு மற்ற இரண்டிலும் அதற்கு இணையான நிலை தரப்படும் என்று குழுமம் அறிவித்தது 2024-ல்தான்.

முதலாளி ஒன்றாக இருந்தும், குழுமம் முடிவெடுத்து எழுத்தில் சொன்ன பிறகுதான் அது பயணிகளின் கைக்கு வந்தது. வாடிக்கையாளரைத் தக்கவைக்க கம்பெனிகள் தாங்களாகவே இதைச் செய்கின்றன. தொழிலாளி விஷயத்தில் கேட்டால்தான் கிடைக்கும். பயணிக்குப் போவது ஒரு சலுகை. தொழிலாளிக்குப் போவது வயதான காலத்துப் பணம்.

விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

பட்டாசு ஆலையில் எந்தக் கம்பெனியின் பெயரில் இருக்கிறோம் என்பது வெறும் கணக்கு விஷயம் இல்லை.

2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணை அருகே அச்சன்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையின் அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டது அப்போது பெரிய கேள்வியானது. உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டி ஆலையில் நடந்த விபத்தில் 10 பேர் பலியாகினர்.

இப்படி ஒரு நாளில், "இந்த ஆள் யாருடைய ஆள்?" என்ற கேள்விதான் குடும்பத்தின் முன்னால் முதலில் வந்து நிற்கும். பழைய கம்பெனி, "எங்க ரோல்ல இல்லை" என்று சொல்லும். புதிய கம்பெனி, "இன்னும் பதியலை" என்று சொல்லும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

ஈ.எஸ்.ஐ. பொருந்தும் ஆலையில் முதலாளி பங்களிப்பு கட்டத் தவறியிருந்தாலும், ஈ.எஸ்.ஐ. கழகம் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அரசு அறிவிக்கும் அபாயகரமான தொழில்களில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும் என்று புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது.

பி.எஃப். உறுப்பினர் பணிக்காலத்தில் இறந்தால், அதோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இறப்பதற்கு முந்தைய 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்திருந்தால் குறைந்தபட்சம் 2.5 லட்சம். 2021-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த 12 மாதத்துக்குள் கம்பெனி மாறியிருந்தாலும் இந்தப் பலன் உண்டு. ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றில் சேர்வதற்கு இடையில் இரண்டு மாதம் வரை இடைவெளி இருந்தாலும் அதை முறிவாகப் பார்க்கக் கூடாது என்று 2025-ல் விதி தளர்த்தப்பட்டது.

இதெல்லாம் குடும்பத்துக்குப் போய்ச் சேர, நாமினி பெயர் சரியாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு மாற்றாமலே விட்டவர்கள் உடனே மாற்றிவிடுங்கள்.

போனஸ், விடுப்புச் சம்பளம்?

வருடத்தின் நடுவில் மாற்றினால் இரண்டு கம்பெனியும் தங்கள் பங்கு போனஸைக் கொடுக்க வேண்டும். ஒரு கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே போனஸ் உரிமை வந்துவிடும். குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம்.

எடுக்காமல் மிச்சம் வைத்திருக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கு, பழைய கம்பெனி பணமாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் புதிய கம்பெனி அந்த நாட்களை ஏற்றுக்கொள்வதாக எழுதித் தர வேண்டும்.

மாறும் முன் செய்ய வேண்டியவை

1. சர்வீஸ் தொடர்ச்சிக் கடிதம்: "இன்ன தேதி முதல் எங்கள் சகோதர நிறுவனத்தில் பார்த்த பணிக்காலமும் கிராஜுவிட்டி, விடுப்பு உள்ளிட்ட எல்லாப் பலன்களுக்கும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்" என்று புதிய கம்பெனியின் லெட்டர்பேடில், கையெழுத்து, சீலுடன் வாங்குங்கள். மொத்தப் பாதுகாப்பும் இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

2. ராஜினாமா கடிதம்: மாறுதல் என்று சொல்லிவிட்டு ராஜினாமாவில் கையெழுத்து கேட்டால் நின்று யோசியுங்கள். எதுவும் எழுதாத தாளில் கையெழுத்து போடவே போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் காட்டிவிட்டுப் போடுகிறேன் என்று சொல்லலாம். தவறே இல்லை.

3. பழைய எண்கள்: யு.ஏ.என்., ஈ.எஸ்.ஐ. எண் இரண்டையும் புதிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். புது எண் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

4. ஆதாரங்கள்: சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, போனஸ் ரசீது, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பதிவு எல்லாவற்றையும் செல்போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கிடைக்காவிட்டால், இரண்டும் ஒரே நிறுவனம்தான் என்று காட்ட இவை உதவும்.

5. மாறிய இரண்டு மாதம் கழித்து: பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். புதிய கம்பெனி பணம் கட்டியிருக்கிறதா, பழைய பணம் வந்து சேர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஏற்கெனவே மாத்தியாச்சு, கடிதம் எதுவும் இல்லை. இப்ப என்ன செய்யலாம்?

இப்போதும் கேட்கலாம். மாறி ஒரு வருடம் ஆனாலும், பழைய தேதியைக் குறிப்பிட்டு தொடர்ச்சிக் கடிதம் தர கம்பெனிக்கு எந்தத் தடையும் இல்லை. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், உங்களோடு மாற்றப்பட்ட எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். தொழிற்சங்கம் இருந்தால் அதன் மூலம் கேட்பது இன்னும் வலு.

வேலையை விட்ட பிறகு கிராஜுவிட்டி 30 நாளுக்குள் வர வேண்டும். தாமதமானால் வட்டியும் உண்டு. கொடுக்க மறுத்தால் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டிக்கான கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு செய்யலாம். இரண்டு கம்பெனியின் பெயரையும் மனுவில் சேர்ப்பது முக்கியம். ஒன்றை மட்டும் சேர்த்தால், அது மற்றதைக் கை காட்டிவிடும்.

பி.எஃப். தொடர்பான சந்தேகங்களுக்கு 14470, ஈ.எஸ்.ஐ. தொடர்பான சந்தேகங்களுக்கு 1800-11-2526 ஆகிய உதவி எண்களை அழைக்கலாம். ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். குறைதீர் முகாமும் நடத்தப்படுகிறது.

சுருக்கமாகச் சொன்னால்: ஈ.எஸ்.ஐ. எண்ணும் யு.ஏ.என். எண்ணும் உங்க கூடவே வரும், அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். பென்ஷன் சர்வீஸ் வரும், இடையில் எடுக்காமல் இருந்தால். கிராஜுவிட்டி சர்வீஸ் தானாக வராது, கேட்டு எழுதி வாங்கினால்தான் வரும். அடுத்த முறை "அதுவும் நம்ம கம்பெனிதான்" என்று அலுவலகத்தில் சொன்னால், "சரிங்கய்யா, அதையே ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துருங்க" என்று கேளுங்கள்.